மாதிரி இரயிலில் டிஜிட்டல் ஆணை: பழுது அறியும் முறை

உண்மையான இரயில் வண்டியை ஓர் ஒழுங்கான அளவில் சுருக்கி, மேசையின்மீது தண்டவாளம் பரப்பி ஓட்டுவது, பல நாடுகளில் வேரூன்றிய ஒரு கலை. குழந்தைகளின் விளையாட்டாகத் தொடங்கிய இது, இன்று தச்சு, மின்சாரம், ஓவியம், இரயில்வே வரலாறு ஆகிய பலவற்றையும் ஒருங்கே பயில்வதற்குரிய ஒரு சிறு பள்ளியாக வளர்ந்திருக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ‘மினியாட்டூர் வுண்டர்லாண்ட்’ என்னும் காட்சியகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரி வண்டிகள் உள்ளன. நம் நாட்டில் புனே நகரிலும் 1998 ஆம் ஆண்டில் இத்தகைய காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. வீடுகளில் இக்கலையைப் பயில்வோருள் பலர் கையாள்வது எச்.ஓ. என்னும் அளவு. அதாவது, உண்மை வண்டியின் 87-இல் ஒரு பங்கு. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 16.5 மில்லிமீட்டர்.

இச்சிறு வண்டிகளை ஓட்டுவதற்கு இன்று உலகெங்கும் பரவியிருப்பது டி.சி.சி. எனப்படும் டிஜிட்டல் ஆணை முறை. இம்முறையில் அமைந்த வண்டி நன்றாக ஓடும்போது அதன் நுட்பம் நம்மை மகிழ்விக்கிறது. ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென நின்றுவிட்டாலோ, அதே நுட்பம் நம்மை மிரட்டுகிறது. ‘எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் எரிந்துபோயிற்று’ என்று உடனே முடிவுகட்டி, பெரும்பொருள் செலவிட்டு வெளிநாட்டிலிருந்து வேறொன்றை வரவழைப்போர் பலர். புதியதைப் பொருத்திய பிறகும் வண்டி அதே இடத்தில் வந்து நிற்கும். ஏனெனில், பழுது டிகோடரில் இல்லை. தண்டவாளத்தின் மீது படிந்த மெல்லிய அழுக்கில் இருந்தது. டிஜிட்டல் முறையில் தோன்றும் பழுதுகளுள் பெரும்பாலானவை டிஜிட்டல் பழுதுகளே அல்ல என்பதுதான் இக்கட்டுரையில் நாம் சொல்லவிருக்கும் முதன்மையான செய்தி. எனினும், அலட்சியம் செய்தால் தீ விபத்துக்கே இடமளிக்கக்கூடிய பழுது ஒன்றும் இம்முறையில் உண்டு. இரண்டையும் வரிசையாகக் காண்போம்.

ஆணை செல்லும் வழி

பழுதை அறிய வேண்டுமாயின், பழுதற்ற நிலையில் சாதனம் எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பழைய முறையில், தண்டவாளத்துக்கு அளிக்கும் நேர்மின்சாரத்தின் அழுத்தத்தைக் கூட்டினால் வண்டி விரைந்தது; குறைத்தால் தணிந்தது. மின்சாரத்தின் திசையை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடியது. ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்களை வைத்தால் இரண்டும் ஒருங்கே ஓடும். ஒன்றை நிறுத்தி மற்றொன்றை ஓட்ட வேண்டுமாயின், பாதையைப் பல துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுவிட்சு வைத்தல் வேண்டும்.

இக்குறையை நீக்குவதற்காக, ஜெர்மனியில் பெர்ன்ட் லென்ஸ் என்பவரின் நிறுவனம் 1980-களில் ஒரு டிஜிட்டல் முறையை உருவாக்கியது. 1935 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அமெரிக்க தேசிய மாதிரி இரயில் சங்கம், 1990-களின் முற்பகுதியில் அம்முறையை அடிப்படையாகக் கொண்டு ஒரு பொதுத் தரத்தை வகுத்தது. ஒரு நிறுவனத்தின் ஆணைநிலையமும் மற்றொரு நிறுவனத்தின் டிகோடரும் இன்று ஒன்றாக உழைப்பது அப்பொதுத் தரத்தின் பயனே.

இம்முறையில், வண்டி ஓடினாலும் நின்றாலும் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும், எச்.ஓ. அளவில் அது ஏறத்தாழ 15 வோல்ட்டு. ஆனால் அதன் திசை இடைவிடாமல் மாறிக்கொண்டேயிருக்கும். அம்மாற்றத்தின் கால அளவிலேதான் செய்தி அடங்கியுள்ளது. ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோவினாடி நீடித்தால் அது ‘1’ என்னும் குறி. 100 மைக்ரோவினாடியோ அதற்கு மேலோ நீடித்தால் அது ‘0’ என்னும் குறி. நம் தபால்தந்தி அலுவலகங்களில் முற்காலத்தில் புள்ளியும் கோடும் கொண்டு செய்தி அனுப்பினார்கள் அல்லவா? அதை ஒத்ததே இதுவும். தந்திக்கம்பி ஒன்றே; ஆனால் வழியிலுள்ள நிலையங்கள் பல. தன் பெயருக்கு வரும் செய்தியை மட்டும் ஒவ்வொரு நிலையமும் எடுத்துக்கொள்ளும். அவ்வாறே, ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. அதற்குள் இருக்கும் டிகோடர் என்னும் சிறு கணிப்பொறி, தன் எண்ணுக்கு வரும் ஆணையை மட்டும் கேட்டு, அதன்படி மோட்டாரையும் விளக்கையும் இயக்கும்.

ஒவ்வோர் ஆணையின் முன்னும், ‘செய்தி வருகிறது, கேள்’ என்று எச்சரிப்பதுபோலக் குறைந்தது பதினான்கு ‘1’ குறிகள் செல்லும். பின்னர் முகவரி, அதன்பின் ஆணை, இறுதியில் சரிபார்க்கும் எண். சரிபார்க்கும் எண் பொருந்தவில்லையாயின், டிகோடர் அவ்வாணையை முற்றிலும் புறக்கணித்துவிடும். அதனால் தீங்கில்லை; ஒரு வினாடிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஆணைகள் தண்டவாளத்தில் செல்வதால், தவறிய ஆணை விரைவில் மீண்டும் வந்து சேரும். ஆதலின், ‘ஆணை சிதைந்துபோனமையால் எஞ்சின் தாறுமாறாக நடந்துகொள்கிறது’ என்று நாம் எண்ணுவது பெரும்பாலும் பொருந்தாது. சிதைந்த ஆணையை அது ஏற்பதில்லை.

இங்கே ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். எஞ்சினுக்கு உணவாகிய மின்சாரமும் செய்தியும் ஒரே தண்டவாளத்தின் வழியாக, ஒரே சக்கரங்களின் வழியாகத்தான் செல்கின்றன. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே ஒரு துளி அழுக்கு புகுந்தால் இரண்டும் ஒருங்கே தடைப்படும். பழைய முறையில் கண்ணிமைக்கும் நேரம் மின்சாரம் அறுந்தாலும், வண்டி தன் வேகத்தால் அவ்விடத்தைக் கடந்து ஓடிவிடும். டிகோடரோ ஒரு கணிப்பொறி. மின்சாரம் அறுந்தால் அது தன் வேலையை முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கிறது. பழைய முறைக்குப் போதுமானதாயிருந்த தண்டவாளம் புதிய முறைக்குப் போதாமற்போவது இதனால்தான்.

மூன்று வினாக்கள்

வண்டி நின்றுவிட்டது. நாம் என்ன செய்வது? திருப்புளியை எடுப்பதற்கு முன் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். நின்ற எஞ்சினை எடுத்து, வண்டிகள் நன்றாக ஓடும் வேறோர் இடத்தில் வைத்தால் ஓடுகிறதா? அது நின்ற இடத்தில், நன்றாக ஓடும் வேறோர் எஞ்சினை வைத்தால் அது ஓடுகிறதா? எந்த இடத்திலும் எந்த எஞ்சினும் ஓடவில்லையா?

ஓர் எஞ்சின் மட்டும் எங்கும் ஓடவில்லையாயின், பழுது அந்த எஞ்சினில் உள்ளது. எல்லா எஞ்சின்களும் ஒரே இடத்தில் மட்டும் தயங்குகின்றனவாயின், பழுது அவ்விடத்துத் தண்டவாளத்தில் உள்ளது. எல்லா எஞ்சின்களும் எல்லா இடங்களிலும் நின்றுவிட்டனவாயின், ஆணைநிலையத்தையும், மின்வலு அளிக்கும் பூஸ்டரையும், அவற்றின் இணைப்புகளையும் நோக்குதல் வேண்டும். இவ்வளவு எளிய சோதனை நம்மை அலைச்சலினின்றும் வீண் செலவினின்றும் காக்கும். நல்ல வைத்தியர் நாடி பார்க்காமல் மருந்து எழுதுவதில்லை.

சோதிக்கும்போது ஒரு நெறியை மீறுதல் ஆகாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். தண்டவாளத்தைத் துடைத்து, சக்கரத்தையும் துடைத்து, டிகோடரின் அமைப்பெண்களையும் மாற்றிய பிறகு வண்டி ஓடினால், எதனால் ஓடிற்று என்பது நமக்குத் தெரியாது. அதே பழுது மறுமுறை வரும்போது, நாம் முதன்முறை இருந்த அறியாமையிலேயே இருப்போம்.

எல்லாம் நின்றுவிட்ட நிலையில் நம் நாட்டு அன்பர்கள் தனியே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்காவில் விற்கும் சில மின்வழங்கிகள் அந்நாட்டின் 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. அவற்றை நம் வீட்டின் 230 வோல்ட்டில் நேரே செருகினால் அவை கெட்டுப்போகும். வாங்கியதும் அடியிலுள்ள சீட்டில் 100 முதல் 240 வோல்ட்டு வரை ஏற்கும் என்று குறித்திருக்கிறதா என்று பார்த்தபின்னரே செருக வேண்டும்.

தண்டவாளமும் சக்கரமும்

பழுது தண்டவாளத்தில்தான் என்று ஐயுறும்போது, செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. நின்ற எஞ்சினின் மேல் விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். உடனே அது நகர்ந்தால், தொடர்பு சரியில்லை என்பது உறுதி. ஒலி எழுப்பும் டிகோடர் கொண்ட எஞ்சினாயின் செவியும் நமக்கு உதவும். எஞ்சின் நிற்கும்போது ஒலியும் அறுந்து, பின்னர் முதலிலிருந்து தொடங்கினால், மின்சாரமே தடைப்பட்டது என்று கொள்ளலாம். ஒலி இடையறாமல் கேட்க, எஞ்சின் மட்டும் நின்றால், மின்சாரம் வருகிறது. பழுது மோட்டாரிலோ, அதன் கம்பியிலோ, பற்சக்கரத்திலோ இருக்கிறது.

தண்டவாளத்தில் படியும் கருநிற அழுக்கு, தூசி, எண்ணெய், உலோகத்தின் ஆக்சைடு ஆகியவற்றின் கலவை. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே தோன்றும் நுண்ணிய தீப்பொறிகளும் அதனை வளர்க்கின்றன. நம் நாட்டின் கோடைத் தூசியிலும் மழைக்காலத்து ஈரக் காற்றிலும் அது விரைவாகவே சேரும். அதனைப் போக்க உப்புத்தாளால் தேய்ப்பது தவறு. உப்புத்தாள் உண்டாக்கும் நுண்ணிய கீறல்களில் அழுக்கு மறுபடியும் இன்னும் எளிதாகத் தங்கும். பஞ்சு நூலாலான துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைச் சிறிது நனைத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தண்டவாளத்தின் தலைப்பை நீளவாக்கில் துடைத்தல் நன்று. அத்திரவம் எளிதில் தீப்பற்றுவது. ஆதலின் சன்னலைத் திறந்து வைத்து, அருகில் விளக்கோ அடுப்போ இல்லாமல் செய்ய வேண்டும். துடைத்தபின் நன்றாக உலரவிட்டே மின்சாரத்தைத் தருதல் வேண்டும்.

தண்டவாளத்தைத் துடைத்துவிட்டுச் சக்கரத்தை மறப்போர் பலர். சக்கரங்களில் படிந்த அழுக்கு, துடைத்த தண்டவாளத்தை ஒரே நாளில் மீண்டும் கறைப்படுத்திவிடும். எஞ்சினின் சக்கரங்களை மட்டுமன்றிப் பெட்டிகளின் சக்கரங்களையும் துடைத்தல் வேண்டும். சக்கரத்தின் உட்புறத்தைத் தொட்டு மின்சாரத்தை எடுத்துச் செல்லும் மெல்லிய தகடுகள் வளைந்தோ, நூலும் முடியும் சுற்றியோ இருக்கின்றனவா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தல் வேண்டும்.

அடுத்தது இணைப்பு. ஒரு தண்டவாளத் துண்டையும் மற்றொன்றையும் சேர்க்கும் சிறு உலோகத் தகடுகள், துண்டுகளை நேராக வைத்திருப்பதற்கு உதவும். நெடுங்காலம் மின்சாரத்தைக் கடத்துவதற்கு அவற்றை நம்ப முடியாது. அவை தளர்ந்தால், ஒவ்வோர் இணைப்பிலும் சிறிது மின்னழுத்தம் வீணாகும். ஆணைநிலையத்துக்கு அருகில் விரைந்தோடும் வண்டி, தொலைவில் செல்லச்செல்லத் தணிந்தால், காரணம் பெரும்பாலும் இதுவே. மேசைக்கு அடியில் தடித்த செப்புக் கம்பிகள் இரண்டை முதன்மைக் கம்பிகளாக நீளப் போட்டு, அவற்றிலிருந்து ஒன்று அல்லது இரண்டு மீட்டருக்கு ஒருமுறை சிறு கிளைக் கம்பிகளைத் தண்டவாளத்தில் ஈயத்தால் பற்றவைப்பதே இதற்குப் பரிகாரம். வீட்டு மின்னிணைப்புக்குப் பயன்படும் 1.5 அல்லது 2.5 சதுர மில்லிமீட்டர்க் கம்பி முதன்மைக் கம்பிக்குப் போதும்.

மின்னழுத்தத்தை அளக்க எண்ணுவோருக்கு ஓர் எச்சரிக்கை. மல்டிமீட்டரை நேர்மின்சார நிலையில் வைத்து அளந்தால், டி.சி.சி. தண்டவாளத்தில் முள் ஏறக்குறைய சுழியத்திலேயே நிற்கும்; திசை மாறிமாறி வருவதால் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அழித்துவிடும். அதனைக் கண்டு ‘மின்சாரமே இல்லை’ என்று மயங்கலாகாது. மாறுமின்சார நிலையில் அளந்தால் ஓர் அளவு கிடைக்கும். அது மெய்யான அளவுக்குச் சரியாக இராது. எனினும், ஓரிடத்து அளவை மற்றோரிடத்து அளவோடு ஒப்பிடுவதற்கு அது போதும். எங்கே அளவு சட்டென்று குறைகிறதோ, அதற்குச் சற்று முன்பாகத் தளர்ந்த இணைப்பு இருக்கும்.

அஞ்சத்தக்க பழுது

இனி, அலட்சியம் செய்யக்கூடாத பழுதைக் காண்போம். இரு தண்டவாளங்களையும் ஓர் உலோகப் பொருள் நேரே இணைத்துவிட்டால் உண்டாவது, ‘ஷார்ட்’ என்று எல்லாரும் சொல்லும் குறுக்குச் சுற்று. தடம்புரண்ட ஒரு பெட்டியின் சக்கரமே இதற்குப் போதும். அந்நிலையில் பூஸ்டர் தானாகவே மின்சாரத்தை நொடிப்பொழுதில் நிறுத்திவிட வேண்டும். அதற்காகவே அதில் ஒரு காப்பு அமைந்துள்ளது. ஆனால், அக்காப்பு வேலை செய்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மின்னோட்டம் அதன் எல்லையைத் தாண்ட வேண்டும்.

5 ஆம்பியர் அளிக்கும் பூஸ்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மெல்லிய கம்பியாலும் தளர்ந்த இணைப்புகளாலும் பாதையின் தொலைக்கோடியில் மொத்தத் தடை 4 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கே குறுக்குச் சுற்று நேர்ந்தால், 15 வோல்ட்டை 4-ஆல் வகுக்க வருவது 3.75 ஆம்பியர். பூஸ்டரின் எல்லையோ 5 ஆம்பியர். ஆதலின், ‘பல எஞ்சின்கள் ஓடுகின்றன போலும்’ என்று எண்ணுவதுபோல் அது மின்சாரத்தை வழங்கிக்கொண்டேயிருக்கும். அப்போது வழிநெடுக வெளிப்படும் வெப்பம் 56 வாட்டு. நாம் ஈயம் பற்றவைக்கக் கையாளும் சிறு கோல் 25 வாட்டு என்றால், இவ்வெப்பத்தின் கொடுமையை உணரலாம். அதன் பெரும்பங்கு தளர்ந்த இணைப்பிலும், சக்கரம் தொடும் சிறு புள்ளியிலும் குவிந்தால், பிளாஸ்டிக் உருகும். சிற்சில வேளை தீயும் பற்றும்.

இவ்விபத்தைத் தடுக்க உலகெங்குமுள்ள அன்பர்கள் செய்யும் சோதனை மிக எளியது. மின்சாரம் உள்ள தண்டவாளத்தின் மீது ஓர் உலோக நாணயத்தைக் குறுக்கே வைத்து இரு தண்டவாளங்களையும் இணைக்கிறார்கள். அமெரிக்கர்கள் கால் டாலர் நாணயத்தைக் கொண்டு செய்வதால், இதற்குக் ‘குவார்ட்டர் சோதனை’ என்றே பெயர். நம் 2 ரூபாய் நாணயமும் போதும். பூஸ்டர் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டால் அவ்விடம் பாதுகாப்பானது. நிறுத்தவில்லையாயின், நாணயத்தைத் தாமதமின்றி ஒரு மரக்குச்சியால் தள்ளிவிட்டு, அப்பகுதிக்குக் கிளைக் கம்பிகளை மிகுதியாக்க வேண்டும். பாதை முழுவதிலும், சிறப்பாகத் தொலைக்கோடிகளிலும், ஒவ்வொரு கிளைப்பிரிவுக்கு அப்பாலும் இச்சோதனையைச் செய்தல் கடமை. குழந்தைகள் ஓட்டும் பாதையில் இதைச் செய்யாமல் விடுதல் தகாது.

வண்டி ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கடக்கும்போது மட்டும் பூஸ்டர் நிறுத்துமாயின், அவ்விடத்தில் கிளைப்பிரிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் மூக்குப்பகுதியில், சக்கரம் எதிரெதிர்த் தண்டவாளங்கள் இரண்டையும் ஒரு கணம் தொட்டுவிடுவது உண்டு. சக்கரங்களுக்கு இடையேயுள்ள அகலம் ஒழுங்கான அளவில் இல்லாவிட்டாலும் இவ்வாறு நேரும். அதே மூக்குப்பகுதியை மின்சாரமில்லாத பிளாஸ்டிக்கால் செய்திருந்தால், மறுவகைப் பழுது தோன்றும். குட்டையான எஞ்சின்கள் அங்கே மின்சாரமின்றி நின்றுவிடும்.

மற்றொரு காரணம் திரும்புவளையம். பாதை வளைந்து வந்து தன்னோடு தானே சேரும்போது, இடத் தண்டவாளம் வலத் தண்டவாளத்தைச் சந்திக்கிறது. அப்படியே இணைத்தால் அது நிலையான குறுக்குச் சுற்று. ஆதலின் வளையத்தின் ஒரு பகுதியை இரு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டிப் பிரித்து, தானாகத் திசை மாற்றும் கருவியின் வழியாக அதற்கு மின்சாரம் தருகிறார்கள். அப்பகுதி, ஓடும் வண்டியைவிட நீளமாக இருத்தல் வேண்டும். இல்லையேல், வண்டியின் முன்சக்கரங்கள் ஒரு முனையிலும் பின்சக்கரங்கள் மறுமுனையிலும் ஒரே நேரத்தில் இடைவெளியைக் கடக்க, கருவி எத்திசைக்கு மாற்றுவது என்று அறியாமல் திகைக்கும். ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனத்து எச்.ஓ. பாதையில் நடுவில் மூன்றாவது மின்தொடர்பு இருப்பதால், அங்கே இத்தொல்லை எழுவதில்லை.

எஞ்சினுக்குள்

தண்டவாளத்தில் குறையில்லை என்று உறுதிப்பட்ட பிறகே எஞ்சினை ஆராய்தல் வேண்டும். அப்போதும் மேல்மூடியைக் கழற்றுமுன் விளக்கை நோக்குவோம். நம் ஆணைக்கு இணங்கி முன்விளக்கு எரிந்து அணைகிறது, ஆனால் எஞ்சின் நகரவில்லை என்றால், மின்சாரமும் வருகிறது, முகவரியும் சரி என்பது விளங்குகிறது. அந்நிலையில் முதலில் ஐயுற வேண்டியது, சி.வி. 19 என்னும் அமைப்பெண்ணை. சி.வி. என்பவை டிகோடருக்குள் சேமித்து வைத்திருக்கும் எண்கள். ஒவ்வொன்றும் எஞ்சினின் ஒரு குணத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டு எஞ்சின்களைச் சேர்த்து ஒரு நீண்ட வண்டியை இழுக்க வைக்கும்போது, அவற்றின் பொது முகவரி சி.வி. 19-இல் எழுதப்படும். வேலை முடிந்தபின் அதனை நீக்க மறந்தால், எஞ்சின் தன் சொந்த முகவரிக்கு வரும் வேக ஆணையைக் கேளாது. அவ்வெண்ணை 0 ஆக்கினால் போதும். எரிந்துபோனதாக நாம் கருதிய டிகோடர் உயிர்பெற்று எழும்.

விளக்கும் எரியவில்லை, எஞ்சினும் நகரவில்லை என்றால், முகவரி மாறியிருக்கலாம். தொழிற்சாலையிலிருந்து வரும் டிகோடரின் முகவரி வழக்கமாக 3. ஆதலின் 3 என்னும் முகவரியில் அழைத்துப் பார்த்தல் நல்லது. சிறு முகவரி சி.வி. 1-இலும், நீண்ட முகவரி சி.வி. 17, 18 ஆகியவற்றிலும் இருக்கும். இரண்டில் எதைக் கேட்பது என்பதை சி.வி. 29 தீர்மானிக்கிறது. நீண்ட முகவரியை எழுதிவிட்டு சி.வி. 29-ஐ மாற்றாமல் விட்டால், எஞ்சின் பழைய பெயருக்கே செவிசாய்க்கும்.

வேகத்தைக் கூட்டக்கூட விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தால், அது பல்பின் குற்றமன்று. ஆணைநிலையம் 28 வேகப்படிகளில் பேச, டிகோடர் 14 படிகளில் கேட்கிறது. 14 படி முறையில் விளக்குக்கு உரிய குறியே 28 படி முறையில் வேகத்தின் இடைப்படியைக் காட்டுகிறது. எனவே ஒவ்வோர் இடைப்படியிலும் டிகோடர் விளக்கை மாற்றிக்கொண்டிருக்கும். இருவரும் ஒரே மொழியில் பேசும்படி சி.வி. 29-ஐத் திருத்தினால் விளக்கு நிலைபெறும்.

மின்சாரம் நின்று மீண்டதும் எஞ்சின் தானாகவே முழு வேகத்தில் பாய்ந்தோடுவது, மேசையின் விளிம்பிலிருந்து விலையுயர்ந்த மாதிரியை வீழ்த்தக்கூடிய பழுது. டிகோடர்கள் பல, பழைய நேர்மின்சாரப் பாதையிலும் ஓடுவதற்கு ஏற்றவாறு செய்யப்பட்டவை. குறுக்குச் சுற்று நீங்கும் தறுவாயில் வரும் ஒழுங்கற்ற மின்சாரத்தை நேர்மின்சாரம் என்று அவை சிலவேளை தவறாகக் கொள்கின்றன. சி.வி. 29-இன் மதிப்பில் 4-ஐக் கழித்து எழுதினால், அவ்வசதி நீங்கி, இப்பாய்ச்சலும் நின்றுவிடும். 6 என்றிருந்தால் 2 ஆகும், 38 என்றிருந்தால் 34 ஆகும்.

எண்களைப் படிக்க முடியவில்லை என்று ஆணைநிலையம் அறிவித்தாலும் டிகோடர் கெட்டுவிட்டதாகக் கருதக்கூடாது. எண்களை எழுதிப் படிப்பதற்கென உள்ள தனிப் பாதையில், மின்னோட்டம் குறைவாகவே தரப்படும். ‘ஆம், எண் பொருந்துகிறது’ என்று டிகோடர் விடையளிப்பது, மோட்டாரைச் சில மில்லிவினாடி நேரம் இயக்கிக் குறைந்தது 60 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை இழுப்பதன் மூலமே. மோட்டாரின் கம்பி அறுந்திருந்தாலோ, சக்கரம் அழுக்காக இருந்தாலோ அவ்விடை வந்து சேராது. பெரிய மின்தேக்கிகள் கொண்ட ஒலி டிகோடர்கள் சில, அப்பாதையின் குறைந்த மின்னோட்டத்தில் விடையளிக்க இயலாமல் நிற்பதும் உண்டு. எண்கள் குழம்பிப்போன நிலையில், சி.வி. 8-இல் 8 என்று எழுதினால் டிகோடர்கள் பல தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். ஆனால் அத்துடன் நாம் செய்துவைத்த அமைப்புகள் எல்லாம் அழிந்துபோம் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

டிகோடர் உண்மையாகவே எரிவது பெரும்பாலும் பொருத்தும்போது செய்யும் ஒரு தவற்றினால்தான். பழைய எஞ்சின்கள் பலவற்றில், மோட்டாரின் ஒரு முனை உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டு, அதன் வழியாகத் தண்டவாள மின்சாரத்தை நேரே பெறும். அத்தொடர்பை அறுக்காமல் டிகோடரைப் பொருத்தினால், முதல் ஓட்டத்திலேயே அது அழியும். பொருத்துவதற்கு முன்பே மல்டிமீட்டரைக் கொண்டு, சக்கரங்களுக்கும் மோட்டாரின் இரு முனைகளுக்கும் இடையே எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதை உறுதிசெய்தல் வேண்டும். கம்பிகளின் நிறத்துக்கும் தரம் உண்டு. சிவப்பு வலத் தண்டவாளம், கறுப்பு இடத் தண்டவாளம், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார், வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொது. எட்டு முனைச் செருகியைத் தலைமாற்றிச் செருகிவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. எஞ்சின் எதிர்த்திசையில் ஓடும், விளக்குகள் எரியா. திருப்பிச் செருகினால் சரியாகும்.

ஏட்டில் எழுதிவைத்தல்

இவற்றையெல்லாம் ஒருவர் நினைவில் வைத்திருத்தல் அரிது. ஆதலின் ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஓர் ஏடு வைத்துக்கொள்வது நன்று. எஞ்சினின் முகவரி, நாம் மாற்றிய அமைப்பெண்கள், டிகோடர் பொருத்திய நாள், நேர்ந்த பழுது, கண்ட காரணம், செய்த பரிகாரம் ஆகியவற்றை அதில் குறித்துவர வேண்டும். நாணயச் சோதனை செய்த நாளையும், அதில் தோற்ற இடங்களையும் தனிப் பக்கத்தில் எழுத வேண்டும். ஓராண்டு கழிந்தபின் அந்த ஏட்டைப் புரட்டினால், நம் பாதையில் எவ்விடம் அடிக்கடி தொல்லை தருகிறது என்பது தானே புலப்படும்.

துடைப்பதற்குத் துணி, அளப்பதற்கு மல்டிமீட்டர், சோதிப்பதற்கு ஒரு நாணயம், எழுதுவதற்கு ஓர் ஏடு: பழுதுகளுள் பெரும்பாலானவற்றை நாமே கண்டறிந்து நீக்குவதற்கு இவை நான்கும் போதும். விலையுயர்ந்த பகுதிகளை மாற்றுவது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. முதலில் தண்டவாளம், அடுத்துச் சக்கரம், பின்னர் இணைப்பு, அதன்பின் அமைப்பெண், இறுதியில் டிகோடர் என்னும் இவ்வரிசையைப் பின்பற்றுவோர், நல்ல டிகோடரைக் குப்பையில் எறியமாட்டார்கள்; உருகும் இணைப்பையும் காணாமல் விடமாட்டார்கள்.